யோவான் நாலாம் அதிகாரமும் வேளாங்கண்ணி நடையும் – விவாத இழை

வாசகர் கேள்வி – 22 ஆகஸ்ட் 2025

எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன் ஒரு வாரமாகக் காவி வேட்டியும் வெறுங்காலுமாக வருகிறான். வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறானாம். நானும் கிறிஸ்தவன்தான். ஆனால் யோவான் 4 தெளிவாகச் சொல்கிறது: இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம், ஆவியோடும் உண்மையோடும் தொழுதால் போதும். அப்படியிருக்க நடப்பதில் ஆவிக்குரிய பயன் என்ன? காலில் கொப்புளம் தவிர? நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

23 ஆகஸ்ட், இரவு 10.40

இந்தக் கேள்வியை இருபது வருஷம் நானும் கேட்டுக்கொண்டிருந்தவன், உங்களைவிடக் காரமாக. பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை. எங்கள் வீட்டில் மாதா என்ற சொல்லே 'பாரத மாதா'வோடு சரி. பெண் எடுத்தது தஞ்சாவூரில், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். பெண் பார்க்கப் போன வீட்டுக் கூடத்தில் சீரியல் பல்பு போட்ட ஆரோக்கிய மாதா. அப்பா என் காதோரம், "பிள்ளை நல்ல பிள்ளை. அதை மட்டும் நீ கண்டுக்காதே" என்றார்.

கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். மகனுக்கு ஆறு மாசத்தில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் நடந்தே வருகிறேன் தாயே. பிழைத்தான். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஏதேதோ தடங்கல். அதற்குள் அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படி ஏறவே கைப்பிடி தேவைப்பட்டது. 2013 ஆகஸ்டில் ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளே, உங்க காலை மூணு நாளைக்குக் கடனாக் குடுங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. அப்படித்தான் போனேன். பக்தியில் போனவன் அல்ல, மறுக்க வாய் வராமல் போனவன். தஞ்சாவூரிலிருந்து 70 கிலோமீட்டர். மீதி நாளைக்கு.

24 ஆகஸ்ட், காலை 6.15

முதலில் வசனத்துக்கு வசனம். வேதத்தில் யாத்திரையே இல்லை என்கிறவர்கள் சங்கீத புத்தகத்தைத் திறக்கட்டும். 120 முதல் 134 வரை பதினைந்து சங்கீதங்களுக்கு மேலே எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'ஆரோகண சங்கீதம்' என்று போட்டிருக்கும். சின்ன வயதில் ஏதோ பாட்டு வாத்தியார் சமாசாரம், ச ரி க ம என்று ஏறிப் பாடவேண்டியவை என்றே நினைத்திருந்தேன். கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் அதே இடத்தில் 'சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்' என்று இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியின் விவிலியத்தில் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. ஏறுவது சுரம் இல்லை, ஜனம். எருசலேமுக்கு மலையேறிப் போனவர்கள் பாடியவை. ஆண்டுக்கு மூன்று பண்டிகைக்குப் போகவேண்டும் என்று உபாகமம் 16 சொல்கிறது. இயேசு பன்னிரண்டு வயதில் பஸ்காவுக்குப் போய், திரும்பும் கூட்டத்தில் காணாமல் போனார். லூக்கா 2. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த முதல் கிறிஸ்தவத் தாய் மரியாள்தான் என்று அத்தை சொல்வார்.

இதெல்லாம் யாத்திரை உண்டு என்பதற்குத்தான் சாட்சி. பயன் என்ன என்பதற்கு இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

24 ஆகஸ்ட், இரவு 9.05

"காவி, விரதம், பாதயாத்திரை எல்லாம் இந்துக்களைப் பார்த்து அடித்த காப்பி" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். காவி இந்த மண்ணிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. மொட்டை, காதுகுத்து, வெள்ளியில் செய்த கை கால் உருவம் காணிக்கை போடுவது எல்லாம் இங்கே எல்லாச் சாமிக்கும் பொது. ஆனால் நடை காப்பி இல்லை. நாலாம் நூற்றாண்டில், 380களில், எஜேரியா என்ற பெண்மணி ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து கிளம்பி எருசலேம், சீனாய் மலை எல்லாம் பார்த்து ஊரிலிருந்த தோழிகளுக்கு எழுதிவைத்திருக்கிறார். பெரிய வெள்ளியன்று எருசலேமில் சிலுவை மரத்தை மேசைமேல் வைத்து, ஆயர் (பிஷப்) இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, சுற்றிலும் அவருக்கு உதவும் தியாக்கோன்கள் காவல் நிற்க, ஜனங்கள் வரிசையாக வந்து முத்தமிடுவார்களாம். காவல் எதற்கு? முன்பு ஒருவன் முத்தமிடுகிற சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

சப்பரத்துப் பூவுக்கு நம் ஆட்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் அந்த ஆள் நினைவு வருகிறான்.

26 ஆகஸ்ட், இரவு 11.30

இன்றைக்குத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நடை தொடங்கியது. 29ஆம் தேதி மாலை கொடியேற்றத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கணக்கு. முப்பத்தோரு பேர். முன்னால் ஒரு குட்டி யானை வண்டி, அதில் மாதா சப்பரம், ஜெனரேட்டர், மைக் செட், எங்கள் மூட்டை முடிச்சு. குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவார். எண்ணி முடித்ததும் பழக்க தோஷத்தில் "ரைட்" என்பார். செபமாலை முடிந்து "ஆமென்" வரவேண்டிய இடத்திலும் ஒரு முறை "ரைட்" வந்தது.

அம்மாபேட்டை வரை கால் தெரியவில்லை. புது கேன்வாஸ் ஷூ போட்டிருந்தேன். கண்டக்டர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கல்யாணத்துக்குப் போட்டுப் போறது, பழைய ரப்பர் செருப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லை. விடியும்போது வலது குதிகாலில் ஒன்று, இடது பெருவிரலுக்குக் கீழே ஒன்று, கோலிக்குண்டு அளவு. ஒரு பாட்டி சாக்குமேல் உட்காரவைத்து, ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, கொப்புளத்தின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையும் தொங்குகிற மாதிரி வெட்டினார். நீர் நூல் வழியாகக் கசிந்து வடியும், தோல் அப்படியே மூடியிருக்கும். காலில் இரண்டு நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. இந்தத் தடத்தில் அந்தக் கேட்டைத் திட்டாதவர் கிடையாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேட் இன்னும் கொஞ்சம் மூடியே இருக்கட்டும் என்று செபித்தேன். நடையில் நான் செய்த உண்மையான முதல் செபம் அதுதான்.

27 ஆகஸ்ட், மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். திருத்தம் ஒன்று. 70 கிலோமீட்டர் என்றது தப்பு. திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக 90க்கு மேல் வரும். நடந்தவனே குறைத்துச் சொல்கிறானே என்று கேட்காதீர்கள், எண்ணியது கண்டக்டர் அண்ணன்.

27 ஆகஸ்ட், இரவு 10.50

இனி நான் எழுத நினைத்த விஷயம்.

இரண்டாம் நாள். கொரடாச்சேரி தாண்டி திருவாரூருக்கு முன்னால் நான் பின்தங்கிவிட்டேன். காலைக் கழுவிக்கொள்ளலாம் என்று வாய்க்கால் படியில் இறங்கினேன், ஐந்து நிமிஷம் கண்ணை மூடினேன். எழுந்தபோது சப்பரச் சத்தம் இல்லை. பர்ஸ் வண்டியில். செல்போன் சார்ஜ் இல்லாமல் அதுவும் வண்டியில். சட்டைப்பையில் ஒரு செபமாலை, அதுவும் அத்தையுடையது. மணி ஒன்று இருக்கும். தார் ரோட்டில் கானல் ஓடுகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நான் சம்பளக்காரன். கல்லூரி முடித்த நாள்முதல் கடைகளில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியே பழகியவன். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று கேட்டதே இல்லை. முதல் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன், வாய் வரவில்லை. இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது ஓட்டு வீடு, வாசலில் துளசி மாடம். ஒரு அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் "தண்ணி..." என்றுதான் சொன்னேன். முழு வாக்கியம்கூட வரவில்லை.

"வேளாங்கண்ணிக்கா? உக்காருங்க தம்பி." உள்ளே போனவர் எவர்சில்வர் சொம்பில் மோர் கொண்டுவந்தார். கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டிருந்தார், உப்பு கொஞ்சம் தூக்கல். சொம்பின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. பாதி குடித்தபின்தான் மூச்சு விட்டேன். அப்புறம் என் நகரத்துப் புத்தி வேலை செய்தது. "அம்மா, பர்ஸ் வண்டியில போயிடுச்சு, திரும்பி வரும்போது..." என்று ஆரம்பித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நடக்கிற பிள்ளைகிட்ட காசு வாங்கினா அது எந்தக் காலத்துல செரிக்கும்?" என்றார். கிளம்பும்போது மட்டும், "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு மங்குது. அந்தம்மாகிட்ட ஒரு மெழுகுத்திரி ஏத்திடுங்க" என்றார்.

மாமியார் கடன் ஒன்று ஏற்கெனவே தலையில். இப்போது இன்னொன்று.

28 ஆகஸ்ட், காலை 7.00

மேலே எழுதியதை மனைவி படித்தாள். மோர் குடித்துவிட்டு அழுததை ஏன் எழுதவில்லை என்கிறாள். அது வேர்வை.

28 ஆகஸ்ட், இரவு 10.15

அந்த மோருக்குப் பிறகு ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எபிரெயர் 11:13, எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மனப்பாட வசனங்களில் ஒன்று. விசுவாசிகள் பூமியின்மேல் தங்களை 'அந்நியரும் பரதேசிகளும்' என்று அறிக்கையிட்டார்களாம். சொல்லும்போதே பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தெருவில் ஒருவனைப் பரதேசிப் பயலே என்றால் அடி விழும், இங்கே ஆபிரகாமைச் சொல்கிறார்களே என்று. டீச்சர் ஸ்கேலால் மேசையில் தட்டுவார், விளக்கம் சொல்லமாட்டார்.

யாத்திரிகனுக்கு லத்தீனில் பெரெக்ரீனுஸ். அயலூர்க்காரன், வேற்று நிலத்தான் என்று அர்த்தம். ஆங்கிலம் உட்பட ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் யாத்திரிகனுக்கு உள்ள சொல் இதன் வழியில் வந்ததுதான். தமிழில் அதற்கு நேர்ச் சொல் பரதேசி! பர தேசத்தான். ஊர் விட்டு ஊர் நடக்கிற துறவியைக் குறித்த மரியாதையான சொல், கையேந்துகிறவனைக் குறித்து, கடைசியில் வசவாகிவிட்டது. ஏன் வசவானது என்று யோசித்தால் எனக்குப் படுவது இதுதான்: கையேந்துவதைப்போல நமக்குக் கூச்சமான காரியம் வேறில்லை.

எனக்கு அந்த வாசலில் நடந்தது பக்தி அனுபவமா என்றால் தெரியாது. மாதா தெரியவில்லை, ஒளி தெரியவில்லை. முப்பத்து மூன்று வயதில் முதல்முறையாகப் பரதேசியாக நின்றேன். அவ்வளவுதான். கிருபை என்றால் சம்பாதிக்காமல் கிடைப்பது என்று நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். உப்புத் தூக்கலாக அதைக் குடித்தது ஒரே ஒரு நாள்.

30 ஆகஸ்ட், இரவு 9.40

நேற்றுக் கொடி ஏறிவிட்டது. டிவியில் பார்த்தோம்.

ஒரு அன்பர் நீசா நகர் புனித கிரகோரியை மேற்கோள் காட்டிச் சாத்தியிருக்கிறார். நாலாம் நூற்றாண்டு ஆயர், யாத்திரைக்கு எதிராகக் கடிதம் எழுதியவர். இடம் மாறினால் கடவுள் பக்கத்தில் வந்துவிடமாட்டார். உள்ளே கெட்ட எண்ணத்தை வைத்துக்கொண்டு கல்வாரியில் நின்றாலும் கிறிஸ்துவுக்குத் தூரம்தான் என்பது அவர் கட்சி. எருசலேமில் நடக்காத அக்கிரமம் இல்லை என்றும் எழுதுகிறார். எல்லாம் சரி. நான் கையெழுத்தே போடுவேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை முழுசாகப் படியுங்கள். அவரே எருசலேமுக்குப் போய்வந்தவர். சபை வேலையாகப் போனார், அதனால் ராஜா அரசாங்க வண்டி கொடுத்தார். ஆக, நடக்காதே என்று சொன்னவர் கவர்மெண்ட் வண்டியில் போனவர்! இது கிண்டலுக்கு. அவரே எழுதுகிற இன்னொரு விஷயம்: வழி நெடுக உபவாசமும் சங்கீதமுமாகப் போனதால் அந்த வண்டியே எங்களுக்குக் கோயிலாகவும் மடமாகவும் இருந்தது. எருசலேமில் தனக்கு ஒன்றும் கூடவில்லை என்கிற மனிதருக்கு வழியில் கோயில் கிடைத்திருக்கிறது. எனக்கு நடந்ததும் இதுதான். மறுக்க வந்தவர் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

31 ஆகஸ்ட், இரவு 8.30

போய்ச் சேர்ந்த கதையைக் கேட்கிறார்கள். சொன்னால் ஏமாந்துபோவீர்கள்.

நாகப்பட்டினம் தாண்டியதும் நாலாபக்கமும் காவி. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையோடு பத்துப் பன்னிரண்டு நாளாக நடந்து வருகிறவர்கள் நாகூர் தர்காவைக் கடந்து எங்களோடு கலந்தார்கள். அவர்கள் முன்னால் எங்கள் மூன்று நாள் பெருமை காணாமல் போனது. "மரியே வாழ்க" சத்தத்தில் காது அடைத்தது. ஊருக்குள் நுழைந்தால் குப்பை, சோளப்பொரி, பிளாஸ்டிக் டம்ளர், போர்வையை விரித்து ரோட்டிலேயே படுத்த ஜனம். ஒரு லாட்ஜில் குளிக்க மட்டும் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள், வாளியில் பாதிதான் தண்ணீர். வாசலில் மோர் கொடுத்தவரும் இவர்களும் ஒரே வட்டாரத்து ஜனம் என்று நம்ப முடியவில்லை.

ஆலயத்துக்குள் மூன்று மணி நேர வரிசை. பட்டுச்சேலை உடுத்திய மாதா முன்னால் நான் நின்றது நாலு விநாடி இருக்கும். பின்னால் இருந்தவர் முழங்கையால் இடித்தார். ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பது பீடத்தில் பதித்த, போர்த்துகீசியர் கொடுத்ததாகச் சொல்லும் பீங்கான் தட்டுகள்தான், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபின் மாதா குளம் போகிற மணல் பாதை. முழங்காலில் போகிறவர்களுக்கான பாதை அது. ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார், எழுபதுக்கு மேல். ஒரு பையன், பேரனாக இருக்கவேண்டும், இரண்டு ஈரத் துண்டு வைத்திருந்தான். ஒன்றை அவர் முழங்காலுக்கு முன்னால் விரிப்பான். அவர் அதில் ஏறியதும் பின்னாலிருக்கும் துண்டை உருவி, மணலை உதறி, முன்னால் கொண்டுபோய் விரிப்பான். மறுபடி பின்னால் ஓடுவான். கிழவர் நிமிர்ந்து அவனைப் பார்க்கவே இல்லை, செபத்தில் இருந்தார். பையன் வாயில் செபம் எதுவும் இல்லை, துண்டு காய்வதற்குள் மாற்றவேண்டும் என்ற கவனம் மட்டும். நான் குளம் வரை அவர்கள் பின்னாலேயே போனேன். இரண்டு பேரில் யாருடைய யாத்திரை அது என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

1 செப்டம்பர், காலை 6.40

மெழுகுத்திரி இரண்டு ஏற்றினேன். கேட்டவர்களுக்காக.

3 செப்டம்பர், இரவு 10.00

"மாமியார் கடனை மருமகன் அடைப்பது என்ன கணக்கு? பரிபூரண பலனை டிரான்ஸ்ஃபர் செய்துகொள்ளலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். பரிபூரண பலன் என்றால் பாவத்துக்கான தண்டனை முழுக்க நீங்குவது என்று கத்தோலிக்கர் சொல்வது. நல்ல நக்கல். இந்த வழக்கம் பழசுதான். இடைக்கால ஐரோப்பாவில் சாகும்போது உயில் எழுதி, என் பெயரில் ஒருவர் ஸ்பெயினிலுள்ள சந்தியாகப்பர் (அப்போஸ்தலன் யாக்கோபு) கல்லறைக்குப் போய்வர இவ்வளவு பணம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். அதைப் பிழைப்பாகவே நடந்தவர்கள் உண்டு. பிளாண்டர்ஸ் பக்கத்து நகரங்களில் அடிதடி வழக்குக்குத் தண்டனையாகவே யாத்திரை விதித்தார்கள். இந்த வியாபாரத்தையெல்லாம் பார்த்துத்தான் மார்ட்டின் லூத்தர் 1520இல் ரோமாபுரி யாத்திரையையே ஒழிக்கவேண்டும் என்று எழுதினார். எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்து ஆள், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நானும் அப்படிப்பட்ட கூலி ஆள்தான் என்று திரும்பி வந்த அன்று நினைத்திருந்தேன். அப்புறம் மனைவி சொன்னாள். நான் நடந்த மூன்று ராத்திரியும் அத்தை கட்டிலில் படுக்கவில்லை. அந்த முழங்காலோடு தரையில் பாய்கூட இல்லாமல், ஒரு வேளைக் கஞ்சி. கைத்தாங்கலாகத்தான் எழுப்பவேண்டியிருந்ததாம். "என் பாரத்தைப் பிள்ளை தலையில ஏத்திட்டு நான் மெத்தையில படுக்கிறதா" என்றாராம். என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வெந்நீரில் கல் உப்புப் போட்டு என் காலைத் தானே கழுவ வந்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இயேசு காலைக் கழுவ வந்தபோது மறுத்த பேதுரு மாதிரி.

தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டவன் இதை வாங்கக் கற்றுக்கொள்ளவில்லை, பாருங்கள். மூன்று நாளில் எவ்வளவுதான் மாறும்.

8 செப்டம்பர், இரவு 11.10

இன்று மாதா பிறந்த நாள். வீட்டில் பாயசம். பூசைக்கு மனைவியும் மகனும் போனார்கள், நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் வேளாங்கண்ணிக் கதை சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், எனக்கும் மனப்பாடம். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

மரபாகச் சொல்லப்படும் முதல் கதை: நாகப்பட்டினத்து எசமானுக்குப் பால் கொண்டுபோகும் இடைச் சிறுவன் குளத்தோரம் களைப்பாறுகிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, பிள்ளைக்குப் பால் கேட்கிறாள். இரண்டாவது: நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்கும் கால் ஊனமான பையன். அவனிடம் அதே பெண் பிள்ளைக்கு மோர் கேட்கிறாள். மூன்றாவது: புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் ஒரு செப்டம்பர் 8 அன்று கரை சேர்கிறார்கள். பாஷை தெரியாத, ஊர் தெரியாத பரதேசிகள்.

பானை பொங்கியது, கால் நிமிர்ந்தது, புயல் அடங்கியது என்று புதுமைகளைத்தான் நாம் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். ஆனால் முதல் இரண்டிலும் ஆரம்பம் என்ன? அந்தம்மா கொடுக்கவில்லை. கேட்கிறாள். வழிப்போக்கியாக வந்து, ஒரு கூலிக்காரப் பையனிடம் கையேந்துகிறாள். அதுவும் மோர்! பெஞ்சில் உட்கார்ந்தபடி எனக்கு அந்த வேர்த்த சொம்பு கண்ணில் வந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் யோவான் 4ஐ எடுத்தேன். இத்தனை நாளாக இருபத்தொன்றாம் வசனத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம், நீங்களும் நானும். ஆறாம் வசனத்தைப் பார்க்கவில்லை. இயேசு நடந்து களைத்துக் கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறார். உச்சிவேளை. சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போய்விட்டார்கள். மொள்ளப் பாத்திரம் இல்லை. பேச்சுவார்த்தையே கூடாத ஊர்ப் பெண்ணிடம், "தாகத்துக்குத் தா" என்கிறார். இந்த மலையும் இல்லை, எருசலேமும் இல்லை என்ற பேச்சு முழுக்க அந்தக் கேட்டலில் இருந்துதான் கிளம்புகிறது.

நீங்கள் காட்டிய வசனத்தை இனி உங்களுக்கு எதிராகச் சொல்லமாட்டேன். அது சரிதான், மலை வேண்டாம். அதைச் சொன்னவர் அப்போது எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் பாருங்கள்.

9 செப்டம்பர், மாலை 6.20

கேள்வி கேட்டவரே வந்து எழுதியிருக்கிறார்: "மோர் கேட்க வேளாங்கண்ணி ரோட்டுக்குத்தான் போகவேண்டுமா? பக்கத்துத் தெருவில் கேட்கக் கூடாதா?"

கேட்கலாம். நான் கேட்டதில்லை. பக்கத்துத் தெருவில் எனக்குப் பெயர் இருக்கிறது, வீட்டு எண் இருக்கிறது, பர்ஸ் இருக்கிறது.

நடந்தால் புண்ணியம் சேரும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த இடத்தில் நான் இன்னும் சி.எஸ்.ஐ.தான். செபமாலையில் எந்த மணியில் எதைச் சொல்வது என்று இன்றைக்கும் மகன்தான் எடுத்துக்கொடுக்கிறான்.

26 டிசம்பர், காலை 9.15

இழையை மூன்று மாசம் திறக்கவில்லை. இன்றைய தேதி இழுத்துவந்துவிட்டது.

2004இல் இதே நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரை முழுக்க வெளியூர் யாத்திரிகர்கள். அலை நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. எங்கள் குழுவில் வந்த பாட்டி, நூல் கோத்தாரே அவர்தான், தங்கையையும் தங்கை பேத்தியையும் அன்று பறிகொடுத்தவர். நடையின்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுனாமி நினைவு ஸ்தூபியிடம் வந்ததும் தனியாக ஒதுங்கி நின்றார், அப்போது கண்டக்டர் அண்ணன்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை, அது மாதாவின் புதுமை என்று இன்றும் சொல்கிறார்கள். நம்பிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்தப் பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியாது. கோயிலுக்கு வெளியே நின்றவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே.

லூக்கா 13இல் ஒரு சேதி வரும். பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான். அவர்களும் எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்கள்தான். மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்கிறார் இயேசு. ஏன் நடந்தது என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. ஸ்தூபிக்கு முன்னால் பாட்டி கேட்டதும் ஒன்றுமில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஒரு பிடி மல்லிகையை வைத்துவிட்டு, "நடங்க தம்பி, கொடி ஏத்திருவாங்க" என்றார்.

4 ஜனவரி 2026, இரவு 8.50

அந்த மோர் வீட்டைத் தேடினீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2017இல் பைக்கில் போனபோது பார்த்தேன். துளசி மாடத்தை வைத்துத் தேடினால் அந்த ரோட்டில் வாசலுக்கு வாசல் துளசி மாடம். எது என்று தெரியவில்லை.

ஊசி நூல் பற்றிக் கேட்டவருக்கு: பாட்டி செய்தது எனக்குச் சரியாகப் போனது, ஆனால் நூலை உள்ளே விட்டால் கிருமி ஏறலாம், நீங்கள் செய்யவேண்டாம்.  தோலை உரிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் கொப்புளத்தைத் தொடவே வேண்டாம், வழியில் மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள், அங்கே காட்டுங்கள். ரப்பர் செருப்பு, பழசு.